"இதுல வெலைய யாரு மாத்தறது?": ஏஐ வெப்சைட்டா, வேர்ட்பிரஸா?

ஆடி மாசக் கடைசியில் மாமா போன் பண்ணினார். "கண்ணு, முப்பது செகண்டுல வெப்சைட்டுனு போன்ல வெளம்பரமா வருது. ஏஐ தானா செஞ்சுருமாம். நமக்கும் ஒண்ணு போட்டுறலாமா?"

மாமாவுக்கு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம். சிவதாபுரம் பக்கம் நாலைந்து வீட்டுப் பட்டறைகளுக்கு வெள்ளி கொடுத்து, கொலுசாக வாங்குகிறார். அவருக்கு வெப்சைட் புதுசு இல்லை. 2016-ல் தெரிந்த பையன் ஒருவன் வேர்ட்பிரஸில் ஒன்று செய்து கொடுத்தான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டொமைனை அவன் தன் பெயரில், தன் மெயிலில் பதிந்திருந்தான். அவனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது, போன் நம்பர் மாறியது. ஒரு வருஷம் புதுப்பிக்காமல் விட்டதில் முகவரி வேறு யார் கைக்கோ போய்விட்டது. இன்றைக்கு அதைத் திறந்தால் சீட்டாட்ட விளம்பரம் வருகிறது. வடக்கே இருக்கிற வியாபாரிகளிடம் மாமா கொடுத்த விசிட்டிங் கார்டுகளில் இன்னமும் அந்த முகவரிதான் இருக்கிறது.

அதனால் "போட்டுறலாமா" என்று அவர் கேட்டதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ரெண்டு வாரம் இதையே நோண்டினேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

கேள்வியே கோணலாக இருக்கிறது

"ஏஐ பில்டரா, வேர்ட்பிரஸா" என்று தேடினால் ஒப்பீட்டுக் கட்டுரைகள் கொட்டுகின்றன. பெரும்பாலும் ஒரே அட்டவணைதான். வேகம்: ஏஐ. சுலபம்: ஏஐ. விருப்பப்படி மாற்றுவது: வேர்ட்பிரஸ். செலவு: பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் "உங்கள் தேவையைப் பொறுத்தது" என்று முடித்து, கீழே ஒரு தள்ளுபடி லிங்க்.

இந்தக் கட்டுரைகள் மேல் எனக்குள்ள குறை ஒன்றுதான். எல்லாமே வெப்சைட் பிறக்கும் நாளை மட்டும் அளக்கின்றன. முப்பது செகண்டா மூணு நாளா என்பது ஒரே ஒரு தடவை வரும் வித்தியாசம். அதற்குப் பிறகு அந்த சைட் ஐந்து வருஷம், பத்து வருஷம் நிற்க வேண்டும். மாமாவின் பழைய சைட் செத்தது செய்த விதத்தால் அல்ல. சாவி யார் கையில் என்று யாரும் கேட்காததால்.

ரெண்டையும் செய்து பார்த்தேன்

ஒரே கடைக்கு ரெண்டு சைட் செய்வது என்று முடிவு பண்ணினேன். முதலில் ஓர் ஏஐ பில்டர். பெயர் வேண்டாம், நான் கண்ட குறைகள் அந்த ஒன்றுக்கு மட்டும் உரியவை என்று எனக்குத் தோன்றவில்லை. அதில் மூணு வரி கொடுத்தேன்: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம், சொந்த டிசைன்கள், எல்லா ஊருக்கும் அனுப்புவோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிஷத்துக்குள் பக்கம் வந்துவிட்டது. மொபைலில் அழகாக மடங்கியது. எதை மேலே வைப்பது, எதைக் கீழே வைப்பது என்ற அடுக்கு, காசு கொடுத்து செய்த பல உள்ளூர் சைட்டுகளைவிட மேல். நிறம் கண்ணை உறுத்தவில்லை. "அட" என்றார் மாமா.

பிறகு படிக்க ஆரம்பித்தோம்.

"1985 முதல் மூன்று தலைமுறைகளாக" என்றிருந்தது. மாமா கடை வைத்தது 1998-ல், அவர்தான் முதல் தலைமுறை. "ஹால்மார்க் சான்று பெற்ற 92.5 வெள்ளி" என்றிருந்தது. நான் ஹால்மார்க் என்ற சொல்லையே கொடுக்கவில்லை. மாமா ஆர்டருக்குத் தகுந்தபடி பல டச்சில் கொலுசு கொடுப்பவர். எந்த டச் என்று பில்லிலேயே எழுதிவிடுவார். அதற்குக் கீழே வாடிக்கையாளர் கருத்து மூன்று, பெயரோடு, அஞ்சு நட்சத்திரத்தோடு. அந்த மூன்று பேரும் உலகத்தில் இல்லாதவர்கள்.

மாமா முகம் மாறிவிட்டது. "92.5னு போட்டுப்புட்டு 70 டச் சரக்கு அனுப்புனா, வாங்கறவன் என்னைய என்னானு நெனைப்பான்?"

அவர் பயப்பட்டது சரிதான். ஏஐ இங்கே கெட்ட எண்ணத்தோடு பொய் சொல்லவில்லை. நகைக்கடை சைட் என்றால் அதில் வழக்கமாக என்ன இருக்குமோ, அதை நிரப்பியது. ஆனால் 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. "எழுதினது நான் இல்லைங்க, மெஷின்" என்று போய் நிற்க முடியுமா? சைட்டில் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் கடைக்காரர்தான் பொறுப்பு. டச்சை வைத்து நம்பிக்கை நடக்கிற தொழிலில், சட்டத்துக்கு முன்னாடியே பேர் போய்விடும்.

படங்களும் அப்படித்தான். பளபளவென்று ஒரு கொலுசு. முத்து கோத்த விதத்தைப் பார்த்ததுமே மாமா சொன்னார்: "இப்பிடி ஒரு உருப்படி எந்தப் பட்டறையிலயும் செய்ய முடியாது. கொக்கி எங்கிருக்குது பாரு." கொக்கியே இல்லை. அந்தப் படத்தைப் பார்த்து யாராவது ஆர்டர் கொடுத்தால் எதை அனுப்புவது?

தமிழ் படும் பாடு

பக்கத்தைத் தமிழுக்கு மாற்றச் சொன்னேன். கொலுசுப் படத்துக்குக் கீழே இருந்த பொத்தானில் "வண்டியில் சேர்" என்று வந்தது. ஆங்கிலத்தில் வாங்கும் கூடைக்கும் வண்டிக்கும் ஒரே சொல் என்பதால் வந்த வினை. பட்டறை "பணிமனை" ஆகிவிட்டது; சேலத்துக்காரருக்கு அது பஸ் டிப்போ. செய்கூலி, சேதாரம் ரெண்டும் சேர்ந்து "கட்டணங்கள்" என்று ஆகிவிட்டன. இந்த ரெண்டு சொல்லும் தெரியாத சைட்டை எந்த வெள்ளி வியாபாரி நம்புவான்?

எழுத்துருவிலும் சிக்கல். இந்த வார்ப்புருக்கள் ஆங்கில எழுத்தின் உயரத்துக்கு அளவெடுத்தவை. தமிழுக்கு மேலே விசிறியும், கீழே உகரச் சுழியும் உண்டு. வரிக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். தலைப்பில் "வெள்ளி" என்ற சொல்லின் விசிறி மேல்பக்கம் வெட்டுப்பட்டு நின்றது. "தொடர்புகொள்ளுங்கள்" பொத்தானை விட்டு வெளியே வழிந்தது. கூகுள் ஃபாண்ட்ஸில் முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, நோட்டோ சான்ஸ் தமிழ் என்று நல்ல இலவச எழுத்துருக்கள் இருக்கின்றன. பில்டர் எதையும் தொடவில்லை. கேட்டு மாற்றினால் மாறுகிறது. ஆனால் கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் அது. முப்பது செகண்ட் விளம்பரம் குறிவைப்பதோ கேட்கத் தெரியாதவரை.

வேர்ட்பிரஸ் பக்கம் மட்டும் தேனா?

இல்லை. இதைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதவில்லை என்று அர்த்தம்.

வேர்ட்பிரஸ் 2003 மே மாதம் வெளிவந்தது. இன்றைக்கு உலகத்து வெப்சைட்டுகளில் நாற்பது சதவீதத்துக்கு மேல் அதில் ஓடுகின்றன. கட்டற்ற மென்பொருள், யாரும் இறக்கி, எங்கும் நிறுவலாம். மாமாவுக்காக அதில் நாலு பக்கம் செய்ய எனக்கு மூணு சாயங்காலம் ஆனது. டொமைன் ஒரு இடம், ஹோஸ்டிங் ஒரு இடம், தீம் தேர்வு, பிளக்இன்கள், பாதுகாப்புச் சான்று, பேக்கப் என்று ஒவ்வொன்றும் ஒரு முடிவு. எந்த பிளக்இன் நல்லது என்று மாமாவுக்கு எப்படித் தெரியும்?

செய்து முடித்த பிறகும் அது வாயில்லா ஜீவன் மாதிரி. தீனி போட்டுக்கொண்டே இருக்கணும். மென்பொருள், தீம், பிளக்இன் மூன்றையும் அப்டேட் செய்யாமல் விட்டால் ஓட்டை விழும். எனக்குத் தெரிந்த ஒருவருடைய சைட்டை கூகுளில் தேடினால் ஜப்பானிய எழுத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் வந்தன. உலகம் முழுக்க நடக்கிற, நன்கு அறியப்பட்ட ஹேக் வகை அது. அவர் ஆறு மாசம் கழித்துத்தான் கவனித்தார். நம் பக்கத்து சைட்டுகளில் பாருங்கள்: "ஹலோ வேர்ல்ட்" என்ற முதல் மாதிரிப் பதிவு அப்படியே இருக்கும், அடியில் காப்புரிமை 2018 என்று இருக்கும். செய்தவர் போய்விட்டார், சைட் அனாதையாக நிற்கிறது.

அதோடு, பழைய தளம், ஏஐ பில்டர் என்ற பிரிவே இப்போது கலைந்துகொண்டிருக்கிறது. விக்ஸ் 2016-லேயே ஏஐ வடிவமைப்பு என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 2024-ல் பேசிப் பேசியே செய்கிற பில்டரை விட்டது. வேர்ட்பிரஸ்.காம் 2025-ல் தானே ஓர் ஏஐ பில்டரை இறக்கிவிட்டது. ரெண்டு கட்சி என்று இனிமேல் பேசுவதில் அர்த்தம் குறைவு.

சாமானை லாரியில் ஏற்ற முடியுமா?

பின்னே எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? நாமக்கல் ஜில்லாவுக்கு ஏற்ற மாதிரியே ஒரு கேள்வி: காலி பண்ணச் சொன்னால் சாமானை லாரியில் ஏற்றிக்கொண்டு போக முடியுமா?

காலி பண்ணச் சொல்வார்கள் என்பது கற்பனை இல்லை. யாஹூ 1999-ல் வாங்கிய ஜியோசிட்டீஸை 2009 அக்டோபரில் மூடியது. லட்சக்கணக்கான வீட்டுப் பக்கங்கள் போயின. அது பழைய கதை என்றால் புதுசு ஒன்று. கூகுள் மேப்பில் கடையைப் பதிந்தவர்களுக்கு, பிசினஸ் ப்ரொஃபைல் வழியாக ஒரு பக்க வெப்சைட்டை கூகுள் இலவசமாகக் கொடுத்தது. சில தட்டல்களில் தயார். இன்றைய ஏஐ பில்டர்களின் வாக்குறுதியும் இதுதான். 2024 மார்ச்சில் அந்த சைட்டுகளை எல்லாம் கூகுள் நிறுத்தியது. பழைய முகவரிக்கு வந்தவர்களை ஜூன் 10 வரை கடையின் மேப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது. அதற்குப் பிறகு அந்த முகவரிகள் வெறும் எழுத்து. கார்டில், பில்லில், போர்டில் அடித்தவர்கள் அடித்தவர்கள்தான்.

அடுத்தது பில்டர்.ஏஐ. பீட்சா ஆர்டர் செய்கிற மாதிரி ஆப் செய்யலாம் என்று சொன்ன லண்டன் கம்பெனி. மைக்ரோசாஃப்ட் முதலீடு செய்தது. மதிப்பு நூறு கோடி டாலரைத் தாண்டியதாகப் பேசப்பட்டது. 2025 மே மாதம் திவால். கூகுள் மாதிரி பெரிய இடம் மனசு மாறினாலும் சரி, இந்த மாதிரி இடம் கவிழ்ந்தாலும் சரி, உள்ளே குடியிருந்தவருக்கு விளைவு ஒன்றே.

வேர்ட்பிரஸிலும் சண்டை வந்தது. 2024 செப்டம்பரில் அதன் நிறுவனர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் கம்பெனிக்கும் தகராறு. அந்த ஹோஸ்டிங்கில் இருந்தவர்களுக்கு வேர்ட்பிரஸ்.ஆர்க்கிலிருந்து வரும் அப்டேட் வழி கொஞ்ச நாள் அடைக்கப்பட்டது. டிசம்பரில் கோர்ட் தலையிட்டது. கட்டற்ற மென்பொருள் என்றாலும் ஒரு மனிதரின் கோபம் பாதிக்கும் என்று அப்போது புரிந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே இருந்தவர்கள் தங்கள் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் எடுத்துக்கொண்டு வேறு ஹோஸ்டிங்குக்குப் போக முடிந்தது. சாமான் லாரியில் ஏறியது.

விக்ஸில் செய்த சைட்டை அப்படியே எடுத்து வேறு இடத்தில் ஓட்ட முடியாது என்று அவர்களுடைய உதவிப் பக்கமே சொல்கிறது. மாறாக, லவபிள் மாதிரி சில ஏஐ கருவிகள் எழுதிய நிரல் முழுவதையும் கிட்ஹப்பில் உங்கள் கணக்கிலேயே போட்டுக்கொடுக்கும். ஆக ஏஐ என்றாலே பொறி என்றும் சொல்ல முடியாது. கேட்க வேண்டியது வெளியே எடுக்கும் வழியைத்தான். அதையும் காசு கட்டுவதற்கு முன்னால் கேட்கணும்.

தினமும் மாறுகிற ஊர்

இன்னொரு விஷயம், இந்தச் சமவெளிக்கே உரியது. இங்கே பல தொழில்கள் தினசரி விலையில் ஓடுகின்றன. நாமக்கல் மண்டலத்து முட்டை விலையை என்இசிசி அறிவிக்கிறது. தமிழ்நாட்டில் பாதிப் பேர் காலையில் அதைத்தான் பார்க்கிறார்கள். ஜவ்வரிசிக்குச் சேலத்தில் 1981-லிருந்து சேகோசர்வ் இருக்கிறது. டெண்டர் விலைதான் அங்கே பேச்சு. வெள்ளி விலை காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

மோகனூர் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் நண்பனின் சைட்டில் "இன்றைய முட்டை விலை" என்று ஒரு கட்டம் இருந்தது. ரெண்டு வருஷமாக ஒரே விலை. அதைப் பார்த்து யாரோ ஒருவர் அந்த விலைக்கு லோடு கேட்டுப் போன் பண்ணி, சண்டையே வந்துவிட்டதாம். விலை போடாமலே இருந்திருக்கலாம்.

மாமா அந்த ஏஐ சைட்டைப் பார்த்ததும் கேட்டதும் இதைத்தான்: "அதெல்லாஞ் சரி கண்ணு, இதுல வெலைய யாரு மாத்தறது?"

பில்டரில் அரட்டைப் பெட்டி இருந்தது. அதிலேயே சொன்னால் மாற்றும். "இன்றைய வெள்ளி விலையை மட்டும் மாற்று" என்று மாமாவையே டைப் அடிக்கச் சொன்னேன். விலை மாறியது. கூடவே மேல் தலைப்பும் மாறியது, அடியில் இருந்த போன் நம்பரைக் காணோம். நான் உட்கார்ந்து பார்த்ததால் தெரிந்தது. தனியாக இருந்திருந்தால், போனே வராத ஒரு வாரம் கழித்துத்தான் மாமாவுக்குச் சந்தேகம் வந்திருக்கும். தினமும் ஒரே ஒரு இடம் மட்டும் மாறவேண்டிய வேலைக்கு, ஒவ்வொரு தடவையும் முழுப் பக்கத்தையும் யோசிக்கிற ஒரு மூளை எதற்கு? ஒரு பெட்டி, அதில் ஓர் எண், பக்கத்தில் ஒரு "சேமி" பொத்தான். வேர்ட்பிரஸில் அந்தப் பெட்டியைச் செய்ய எனக்கு அரைமணி நேரம் ஆனது. கடையில் கணக்கு எழுதும் பெண் ஒரே நாளில் கற்றுக்கொண்டாள்.

கடைசியில் என்ன செய்தோம்

முதல் காரியம், மாமா பெயரில், மாமா மெயிலில், மாமா கார்டிலிருந்து காசு கட்டி ஒரு டொமைன். இதற்கு ஏஐயும் வேண்டாம், வேர்ட்பிரஸும் வேண்டாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் கல் இதுதான். முகவரி உங்களுடையது என்றால் உள்ளே இருக்கும் வீட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் இடித்துக் கட்டலாம்.

ரெண்டாவது, எழுத்து. மாமா பேசினதை நான் எழுதினேன், ரெண்டு பக்கம். எந்த வருஷம் ஆரம்பித்தது, என்ன டச், எத்தனை நாளில் அனுப்புவது, உடைந்தால் யார் பொறுப்பு. படங்கள் கடை வாசல் வெயிலில் போனில் எடுத்தவை. கொக்கி தெரிகிறது.

மூன்றாவது, ஏஐ கொடுத்த அடுக்கை நான் வீசவில்லை. அதைப் பார்த்துத்தான் வேர்ட்பிரஸ் பக்கத்தை ஒழுங்குபடுத்தினேன். அந்த வேலையில் அது என்னைவிடக் கெட்டி.

எல்லோருக்கும் இதையே செய்யுங்கள் என்று சொல்லமாட்டேன். கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒரு மாசம் மட்டும் நிற்கிற பக்கம், புதுத் தொழிலை ஆழம் பார்க்க ஒரு பக்கம் என்றால் ஏஐ பில்டர் போதும். சொல்லைத் திருத்திவிட்டுப் போடுங்கள், அவ்வளவே. தெருவில் உள்ளவர்களுக்கு மட்டும் விற்கிற கடைக்கு வாட்ஸ்அப் பிசினஸும் மேப்பில் சரியான நம்பரும் போதும், சைட்டே வேண்டாம். வெளியூர்க்காரன் முகம் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பும் தொழில் என்றால் மட்டும், அப்டேட் செய்ய ஓர் ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, வேர்ட்பிரஸ் மாதிரி எடுத்துப்போகக்கூடிய ஒன்றுக்கு மூணு சாயங்காலம் செலவு செய்யலாம். அந்த ஆள் இல்லை என்றால், அனாதையாகப் போகும் வேர்ட்பிரஸைவிட மாத வாடகை பில்டரே தேவலை. அங்கே ஓட்டை அடைக்கிற வேலையாவது அவர்களுடையது.

மாமா சைட்டுக்கு இப்போது அந்த ஆள் நான்தான் என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பெங்களூர் போன பையனும் நல்ல பையன்தான். அதனால் போன வாரம் கடைக்குப் போனபோது, பாஸ்வேர்டுகள், புதுப்பிக்க வேண்டிய தேதி, பேக்கப் எங்கே இருக்கிறது எல்லாவற்றையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். மாமா அதை ரெண்டு தடவை படித்துவிட்டு, கல்லாவுக்குள் வெள்ளி எடை போடும் நோட்டுக்கு நடுவில் வைத்துப் பூட்டினார். புது விசிட்டிங் கார்டு அச்சுக்குப் போயிருக்கிறது.